இரண்டு பேரின் சராசரி

1

இந்தக் கதை எனக்குப் பாத்திரம் துடைக்கும்போது கிடைத்தது. பெரிய தரிசனம் ஒன்றுமில்லை. ஜூன் மாதம், எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஸ்ட்ராபெரி விருந்து முடிந்திருந்தது. லைல் ப்ரோக்கோப் கழுவினார், நான் துடைத்தேன். கடைசியாக அந்தப் பெரிய காப்பிக் கொப்பரை வந்தபோது, முழங்கை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே அவர் சொல்லத் தொடங்கினார். கொப்பரை சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

நான் சிறிய நன்மைகளை நம்புகிறவன். இதற்குமுன் எழுதிய கதைகளில் யாராவது ஒருவர் யாருக்காவது ஒரு தட்டை நகர்த்தி வைப்பார், குளிரில் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில் அதனால் ஏதோ ஒன்று சரியாகும். இது எழுத்தாளனின் தந்திரம் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, நான் அப்படித்தான் ஜெபிக்கிறேன், அப்படித்தான் எழுதுகிறேன்.

இந்தக் கதையிலும் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நன்மை செய்தார். அதனால் எதுவும் சரியாகவில்லை. இருந்ததும் கெட்டது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஜூனிலிருந்து இந்த ஜனவரி வரை உட்கார்ந்திருக்கிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“விடிவதற்குமுன் மலைச்சரிவில் ஓர் எல்க் மான் கூவியது. ஆர்டன் ட்வைட் மூச்சை அடக்கிக்கொண்டு பைன் மரத்தில் சாய்ந்தார். அவருக்குப் பின்னால் லைல்...”

அடித்துவிட்டேன். ஆர்டன் அந்த மலைக்குப் போனதே இல்லை. லைலும் போனதில்லை. பதினைந்து ஆண்டுகளாக அவர்கள் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்த மானின் கூவலை நான் கைப்பேசியில்தான் கேட்டிருக்கிறேன்.

“வயோமிங்கில் எல்க் மானையோ கழுதைக்காது மானையோ நல்ல வட்டாரம் ஒன்றில் வேட்டையாட வேண்டுமானால், எங்களைப் போன்ற வெளிமாநிலத்தார் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அனுமதிச் சீட்டு கிடைக்காத, அல்லது கேட்காத, ஒவ்வோர் ஆண்டுக்கும் கோடையிலோ இலையுதிர்காலத்திலோ பணம் கட்டி ஒரு புள்ளி வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். புள்ளி அதிகம் உள்ளவருக்கு முதலில் சீட்டு...”

இது விதிப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் விட்டுவைக்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் இந்தக் கதையில் யாருக்கு என்ன வலித்தது என்று உங்களுக்குப் புரியாது. இன்னும் இரண்டு விதிகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று: தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் விண்ணப்பமும் போடாமல் புள்ளியும் வாங்காமல் விட்டால், அதுவரை சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். மற்றது: இரண்டு பேர் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போடலாம், கிடைத்தால் இருவருக்கும் கிடைக்கும், இல்லையென்றால் இருவருக்கும் இல்லை. அப்போது இருவருடைய புள்ளிகளையும் கூட்டிச் சராசரி எடுத்துக்கொள்வார்கள்.

[இவ்வளவுதான் விதிகள். இனி மனிதர்கள்.]

“ஆர்டனுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று மருத்துவர் சொன்ன அன்று...”

இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. பிறகு பார்ப்போம்.

3

ஆர்டன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பால்மாடுகளை விற்றுவிட்டு அதே பண்ணைவீட்டில் தனியாக இருக்கிறார். லைல் அவருடைய தங்கை மார்லிஸின் கணவர். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவர். மச்சான்மார் இருவரும் பேசிக்கொள்வதை வெளியாள் கேட்டால் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். நவம்பரில் வெள்ளைவால் மான் வேட்டைக்காலம் வந்தால், ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நானும் போவேன். என் பங்கு பெரும்பாலும் தெர்மாஸைத் தூக்கிக்கொண்டு வருவது.

எங்கள் விஸ்கான்சினில் வெள்ளைவால் மான் வீட்டுச் சாப்பாடு மாதிரி. மேற்கு வேறு. குளிர்காலத்தில் ஆராதனை முடிந்ததும் ஆர்டனின் சமையலறை மேசையில் வரைபடங்கள் விரியும். நாலு மூலைக்கும் ஊறுகாய்ப் புட்டி, கடுகுப் புட்டி, பாலாடைக்கட்டித் தட்டு, லைலின் கார்ச்சாவி. எந்தப் பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில் காடு அடர்த்தி, வெயில் ஏறினால் எல்க் எங்கே ஒதுங்கும், சாயங்காலம் கழுதைக்காது மான் எந்த மேட்டில் மேய வரும், அக்டோபரில் இரண்டு மானுக்கும் ஒரே வட்டாரத்தில் காலம் திறந்திருக்கும் வாரம் எது. எல்க் விழுந்தால் அங்கேயே எலும்பை நீக்கி, கறியைத் துணிப்பைகளில் கட்டி, முதுகில் சுமந்து எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்பது வரைக்கும் முடிவு செய்துவைத்திருந்தார்கள். முடிவாகாதது ஒன்றே ஒன்று. எதை முதலில் அடிப்பது.

“முதல்ல எல்க்க அடிச்சிட்டா, மிச்ச நாளெல்லாம் கறி சுமக்கவே சரியாப் போயிடும் மச்சான். கழுதைக்காத எப்பப் பாக்கறது?” என்பார் லைல்.

“நீ சும. நான் பாக்கறேன்” என்பார் ஆர்டன்.

ஒவ்வொரு குளிர்காலமும் இதே பேச்சு, ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு. மலையேற உடம்பைத் தயார் செய்வதற்காக லைல், வீட்டில் கடினநீரை மென்னீராக்கும் தொட்டிக்கு வாங்கும் உப்பு மூட்டையை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தின் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவார். ஆர்டன் தன் பழைய தீவனக் கோபுரத்தின் ஏணியில் ஏறுவார். “எல்க்காம் எல்க்கு. ரெண்டு பேரும் பதினஞ்சு வருஷமா உப்பு மூட்டையத்தான் வேட்டையாடிக்கிட்டு இருக்காங்க” என்று மார்லிஸ் எல்லோரிடமும் சொல்வார்.

(ஓரக்குறிப்பு: உயிரைக் கொல்ல இவ்வளவு ஆசையா என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். அதற்கு ஒரு பக்கம் நியாயம் எழுதி, கிழித்துவிட்டேன். ஆர்டன் சுட்ட மானில் பாதி எங்கள் ஊரில் கேட்கக் கூச்சப்படுகிற வீடுகளுக்குப் போகும், பெயர் சொல்லாமல். இதை நான் அவருக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.)

இப்போது அந்த முடிக்காத வாக்கியத்துக்கு வருகிறேன். ஆர்டனுக்கு இடக்கண்ணின் நடுப்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. ஓரங்கள் தெரியும், நேரே பார்ப்பது மட்டும் தெரியாது. துப்பாக்கிக்கு வேண்டிய வலக்கண்ணிலும் அது தொடங்கிவிட்டது என்று போன ஆண்டுக்கு முந்திய ஆண்டின் இலையுதிர்காலத்தில் மருத்துவர் சொன்னார். ஊசி போட்டால் தள்ளிப்போகும், நிற்காது. இன்னும் இரண்டு இலையுதிர்காலம் தாங்கலாம், அதற்குமேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாராம்.

ஆர்டன் அன்றே தங்கை வீட்டுக்குப் போய், “இந்தத் தடவை போட்டுருவோம்டா” என்று லைலிடம் சொன்னார். அவரிடம் பதினைந்து புள்ளி இருந்தது. அவர்கள் பார்த்துவைத்த வட்டாரத்துக்கு அது போதும். லைலிடமும் பதினைந்து இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

4

லைலிடம் இருந்தது மூன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னால் மார்லிஸுக்கு இரத்தத்தில் நோய் வந்தது. லைல் பேருந்துக் கொட்டகையில் பாதி நாள் வேலை வாங்கிக்கொண்டு, அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும் கொண்டுவருவதுமாக இருந்தார். அந்த முதல் இலையுதிர்காலத்தில் ஆர்டன் தொலைபேசியில் புள்ளி வாங்கிவிட்டாயா என்று கேட்டார். சாயங்காலம் வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தில் லைல் ஆமாம் என்றார். சாயங்காலம் மார்லிஸுக்குக் காய்ச்சல், அதோடு மறந்துபோனார். அடுத்த ஆண்டு அவருக்கு அது நினைவு வந்தது, கெடு முடிந்த பிறகு. ஆர்டன் கேட்டபோது விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் மறுபடியும் ஆமாம் என்றார். சேர்த்துவைத்த எல்லாம் அழிந்து, பூஜ்யத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருந்தார்.

மார்லிஸ் பிழைத்துக்கொண்டார். இன்று எங்கள் தேவாலயத்தில் ‘பை’ என்னும் பழ அடையை வெட்டும் மேசை அவருடைய ஆட்சியில்தான் இருக்கிறது. லைல் யாரிடமும் சொல்லாததற்குக் காரணமும் அவர்தான். ஆர்டனுக்குத் தெரிந்தால் மார்லிஸுக்குத் தெரியும். தெரிந்தால், தன் நோய் அண்ணனின் ஆசையைத் தின்றுவிட்டது என்று அந்த அம்மாள் நினைத்துக்கொள்வார், நினைத்தால் விடமாட்டார்.

[இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. முதல் படியில் மார்லிஸை எதுவும் அறியாதவராக எழுதினேன். கதைக்கு அது வசதி. ஆனால் நிஜத்தில் போன அக்டோபரில், ஆப்பிள் பையை வெட்டிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: “லைலுக்கு முட்டி வலின்னு உன்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா?” இல்லை என்றேன். “என்கிட்டயும் சொன்னதில்ல” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பெரிய துண்டாக வைத்தார். இதைக் கதைக்குள் எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. இருக்கட்டும், இங்கேயே கிடக்கட்டும்.]

5

இந்தக் காட்சியில் நான் இல்லை. இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். ஆர்டன் ஒரே ஒரு முறை, என் வண்டிக்குள், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். லைல் கொப்பரைக்குள் சொன்னார்.

போன ஆண்டு ஜனவரி. ஆர்டனின் சமையலறை. வரைபடங்கள் விரிந்திருக்கின்றன. ஆர்டன் மடிக்கணினியைத் திறந்து, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, கூட்டு விண்ணப்பம் என்ற இடத்துக்கு வந்துவிட்டார். லைலின் வேட்டைப் பதிவு எண்ணைக் கேட்கிறார்.

லைல் என்ன நினைத்தார் என்பதை அவர் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். எண்ணைக் கொடுத்தால் பதினைந்தும் மூன்றும் சேர்ந்து ஒன்பது ஆகும். ஒன்பதுக்கு அந்த வட்டாரம் கிடைக்காது. உண்மையைச் சொன்னால் மச்சான் ஒரு கணம்கூட யோசிக்க மாட்டார்: போனால் போகட்டும், ஒன்பதாகவே போடு, கிடைக்கிறபோது சேர்ந்து போகலாம் என்பார். அவர் கண்ணுக்கு அவ்வளவு காலம் இல்லை. ஆகவே மச்சான் தனியாகப் போட வேண்டும். தனியாகப் போட வைக்க வேண்டும்.

லைலின் நினைவில் அவர் சொன்னது இது: “எனக்கு முட்டி சரியில்ல மச்சான். இந்தத் தடவை நீ மட்டும் போட்டுக்கோயேன்.”

முட்டிக்கு ஊசி இருக்கிறது என்றார் ஆர்டன். வாடகைக்குக் குதிரை கிடைக்கும் என்றார். நீ கூடாரத்திலேயே இரு, சமை, எனக்கு அது போதும், ஆனால் சீட்டு இரண்டு பேருக்கும் இருக்கட்டும் என்றார். ஒவ்வொரு காரணத்துக்கும் ஆர்டனிடம் பதில் இருந்தது. பதினைந்து ஆண்டு திட்டம் போட்டவரிடம் பதிலுக்கு என்ன பஞ்சம்? லைலிடம் காரணங்கள் தீர்ந்துபோயின. பொய் சொல்லிப் பழகாதவர். கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து வீசினார்.

ஆர்டனின் நினைவில் அவர் சொன்னது இது: “எனக்கு அந்த ஆசையே கிடையாதுடா. அது உன் பைத்தியம். பொண்டாட்டி புள்ள இல்லாதவனாச்சேன்னு இத்தன வருஷம் உனக்காகத் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்.”

லைலிடம் இதைக் கேட்டேன். பொண்டாட்டி பிள்ளை பற்றிச் சொல்லவில்லை என்றார். பிறகு, சொல்லியிருக்கலாம் என்றார்.

ஆர்டன் கோபப்படவில்லை. அதைப் பற்றி மட்டும் இருவர் சொல்வதும் ஒத்துப்போகிறது. அவர் புட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திவைத்து, வரைபடத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, “இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டுமா?” என்று கேட்டார். லைல் வேண்டாம் என்று எழுந்தார். வாசலில் ஆர்டன் சொன்னாராம், சாலையில் பனி உறைந்து கிடக்கிறது, மெதுவாக ஓட்டு என்று.

6

மே மாதம் குலுக்கல் முடிவு வெளியானது. லைல் காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். அவர் எனக்குச் சொன்னதில் இந்த ஓரிடத்தில்தான் அவருடைய கை நின்றது.

“கிடைச்சிருச்சா மச்சான்னு கேட்டேன் தம்பி. போட்டாத்தானே கிடைக்கறதுக்குங்கறான்.”

ஆர்டன் விண்ணப்பமே போடவில்லை. கோடைத் தொடக்கத்தில் கழுதைக்காது மானுக்கும் போடவில்லை. இலையுதிர்காலத்தில் வெறும் புள்ளியாவது வாங்கினாரா என்று நானே சுற்றி வளைத்துக் கேட்டேன். அந்தப் பேச்சையே அவர் பனி தள்ளும் இயந்திரத்தின் பக்கம் திருப்பிவிட்டார். வாங்கவில்லை. இப்போது ஓராண்டு தவறிவிட்டது. இந்த ஆண்டும் விட்டால் பதினைந்தும் போய்விடும், லைலுக்குப் போனது போலவே. புள்ளி போகாமல் காப்பாற்றக் கோடையில் இன்னொரு வாய்ப்பு உண்டு. கண்ணுக்கு அப்படி ஒன்று இல்லை. இருக்கிறது என்று சொல்லத்தக்க கடைசி இலையுதிர்காலம் இந்த அக்டோபர்தான்; அதற்கான எல்க் விண்ணப்பம் இப்போது திறந்திருக்கிறது, பிப்ரவரித் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள்.

அன்று கீழ்த்தளத்தில் லைல் சொல்லி முடித்ததும் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அத்தனை எளிமையான எண்ணம். சொல்லலாமா என்று தயங்கிச் சொன்னேன்: ஆர்டன் தனியாகவே போட்டிருந்தாலும், நீங்கள் சீட்டும் துப்பாக்கியும் இல்லாமல் அவரோடு சும்மா கூடப் போயிருக்கலாமே. தொலைநோக்கியில் மானைக் கண்டுபிடித்துக் கொடுக்க, கறி சுமக்க. அதற்குக் குலுக்கல் எதுவும் வேண்டாமே.

கொப்பரையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கு அது தோணவே இல்ல தம்பி. சீட்டு ரெண்டு, ஆள் ரெண்டு, அப்படியே பேசிப் பேசி மண்டைக்குள்ள வேற எதுவும் நுழையல. வீட்டுக்குப் போற வழியிலயே தோணிருச்சு. பாலத்துகிட்ட வண்டிய நிறுத்திட்டேன்.”

ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன்.

“அது உன் பைத்தியம்னு சொன்ன அதே வாயால, நான் மூட்டை தூக்க வர்றேன்னு எப்படிச் சொல்றது?”

சொல்லியிருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பாலத்தின் அருகே வண்டியை நிறுத்தியிருந்தவன் நானில்லை.

பிறகு அவர் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். மார்லிஸ் காதுக்குப் போகக் கூடாது, ஆர்டன் காதுக்குப் போகக் கூடாது; இந்த ஊரில் யாரிடமும் நான் சொல்லக் கூடாது. கொடுத்தேன். ஈரத்துணி என் கையில் இருந்தது. கொடுத்த வாக்கை மீறுகிறவனாக நான் வளரவில்லை.

7

நான் ஆர்டனைத் தவறாக வரைந்துவிடக் கூடாது. மனமுடைந்து மூலையில் உட்கார்ந்துவிட்ட மனிதர் அல்ல. ஞாயிறுதோறும் வருகிறார், பாட்டுப் புத்தகத்தை இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பாடுகிறார். லைலைப் பார்த்தால் தலையசைக்கிறார், வானிலை பேசுகிறார். இருவரும் ஒருவரையொருவர் ‘டா’ போடுவது மட்டும் நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். கேட்கவே கூசுகிறது.

டிசம்பரில் அஞ்சலகத்தில் அவரைப் பார்த்தேன். ஒரு பெரிய பாலாடைக்கட்டிப் பெட்டியை அனுப்பிக்கொண்டிருந்தார். பெட்டியின்மேல் வயோமிங் முகவரி. அந்த மலைக்குப் போகும் வழியில் ஒரு பண்ணைக்காரம்மாளின் வேலிக்கதவு இருக்கிறது. அந்த நிலத்தைக் கடக்க அனுமதி கேட்டு எப்போதோ தொலைபேசியில் பேசிய ஆர்டன், அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பாலாடைக்கட்டி அனுப்புகிறார். முகம் பார்க்காத நட்பு.

இந்த வருடமும் அனுப்புகிறீர்களா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

“அந்தம்மா என்ன தப்பு செஞ்சாங்க?” என்றார்.

இந்த இடத்தில் கதை என் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைத்து மகிழ்ந்தேன். ஆசை செத்தவன் வேலிக்கதவுக்குப் பாலாடைக்கட்டி அனுப்புவானா? பிறகு யோசித்தேன். அனுப்புவான். ஆசை போனபிறகும் மரியாதையைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆர்டன் அப்படிப்பட்டவர். ஆகவே இதை அடையாளமாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு பெட்டி போனது, அவ்வளவுதான்.

8

முடிவுகள்.

அ. லைல் இன்று சாயங்காலம் பண்ணைவீட்டுக்குப் போகிறார். கதவைத் தட்டுகிறார். உண்மையைச் சொல்கிறார். ஆர்டன் அவரைத் திட்டுகிறார், வாய் நிறைய, பழையபடி. விண்ணப்பம் போகிறது.

[இதை மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் லைல் கதவு வரைதான் வருகிறார். கையை ஓங்கிய இடத்தில் நிற்கிறார். நான் பேனாவால் அவர் முதுகைத் தள்ளிப் பார்த்தேன். இருபது ஆண்டுகள் பழகிய மனிதரை அவர் செய்யாததைச் செய்யவைக்க எனக்கு வரவில்லை.]

ஆ. சீட்டு இல்லாமலே இருவரும் செப்டம்பரில் மேற்கே போகிறார்கள். இருட்டுப் பிரியும் நேரத்தில் மலையில் உட்கார்ந்து எல்க் கூவுவதைக் கேட்கிறார்கள். ஆர்டன் கண்ணை மூடிக்கொள்கிறார். கேட்பதற்குக் கண் எதற்கு?

[எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்பவில்லை. ஆர்டனிடம் ஒரு தடவை சுற்றி வளைத்து இதைக் கேட்டேன். “ஆயிரம் மைல் போய் காதால வேட்டையாடணுமா? அதுக்கு மிருகக்காட்சி சாலைக்கே போயிரலாம்” என்றார். அடித்துவிட்டேன்.]

இ. மார்லிஸ் எல்லாவற்றையும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். அண்ணனை ஒரு பக்கமும் கணவரை ஒரு பக்கமும் உட்காரவைத்து...

[இது நடக்கலாம். நடக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மார்லிஸும் ஒருவேளை லைலுக்காகத்தான் தெரியாதவர் போல இருக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது. தன் நோயை நினைத்து மனைவி வருந்தக் கூடாது என்று லைல் மறைக்கிறார். அவர் மறைப்பது வீண்போகக் கூடாது என்று இவர் கண்டுகொள்ளாமல் இருக்கிறார். இப்படி ஒவ்வொருவரும் மற்றவருக்காகச் செய்யும் நன்மைகள் ஒரு சுவராக எழும்பி, நடுவில் ஒரு மனிதர் கண் மங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார்.]

ஈ. பிப்ரவரி வருகிறது. போகிறது.

[இதற்கு நான் எதுவும் எழுத வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும், தானாக நடந்துவிடும்.]

நான் இத்தனை நாள் நம்பியதை விட்டுவிடவில்லை. லைல் செய்தது நன்மைதான். ஆனால் அதோடு சேர்ந்து ஓர் உண்மையும் போயிருக்க வேண்டும், அது போகவில்லை. பாதி நன்மையைத் தனியாக அனுப்பினால் அது வழியில் வேறு ஒன்றாக மாறிவிடுகிறது. ஆர்டன் வீட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது ஓர் அவமானம். இதை ஒரு பிரசங்கமாக நினைக்க வேண்டாம், நினைத்தாலும் பரவாயில்லை.

9

இப்போது உங்களிடம் வருகிறேன்.

முதல் படியில் எல்லோருடைய பெயரையும் மாற்றியிருந்தேன். பிறகு உண்மையான பெயர்களையே திரும்ப எழுதினேன். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். லைலுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல், இதை முழுவதும் சொல்ல எனக்கு இருந்த ஒரே இடம் இந்தப் பக்கங்கள். ஆண்டவர் இதை ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. மறுப்பும் வரவில்லை.

நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் மகனோ மருமகளோ மினியாபொலிஸ் பக்கம் இருக்கலாம். நீங்கள் அவர்களைப் பார்க்க வந்திருக்கலாம். அங்கிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரத்தில் எங்கள் ஊர். லூத்தரன் தேவாலயம் எங்கே என்று கேட்டால் பெட்ரோல் போடுகிறவரே காட்டுவார். ஆராதனைக்கு வராவிட்டாலும் ஒன்றுமில்லை. முடிந்ததும் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். புதியவர்களை யாரும் முறைக்க மாட்டார்கள். பை மேசையில் வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய பெண்மணி நிற்பார். அவரிடம் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே எதுவும் சொல்ல வேண்டாம். சுவரோரமாக ஒரு மேசையில், பேசுகிறவரைப் பார்க்க முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும் ஒரு பெரியவர் இருப்பார். அவருக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. ஓராண்டாகக் காலியாகத்தான் இருக்கிறது.

நான் அங்கேதான் இருப்பேன், பாத்திரம் துடைத்துக்கொண்டு. உங்கள் பக்கம் திரும்ப மாட்டேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரவில்லை. அந்தப் பாலத்தருகே லைலின் வாய்வரை வந்த வாக்கியம் உங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னால் ஆர்டன் சிரிக்கலாம். எழுந்து போய்விடலாம். மார்லிஸ் கத்தியைக் கீழே வைக்கலாம். ஒருவேளை ஆர்டன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் சேர்ந்தே போடுவோம், ஒன்பதே போதும் என்று பிடிவாதம் பிடித்து, இருவருக்கும் இல்லாமலே ஆக்கிவிடலாம். எதற்கும் நான் உத்தரவாதம் தர முடியாது.

நீங்கள் உட்கார்ந்ததும் அவர் தன் தட்டை நகர்த்தி உங்கள் தட்டுக்கு இடம் விடுவார். உங்கள் முகத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். பிறகு, இந்த வழியாகப் போகிற எல்லோரிடமும் கேட்பதையே உங்களிடமும் கேட்பார்:

“மேற்கயா போறீங்க?”